பின்பக்கப் பாடல்களை வெட்டாதீர்கள்: பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிடும் இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கலைந்துபோன பாப்-பங்க் (வேகமும் மெட்டும் கலந்த ராக் இசை) குழு ஒன்றின் பாடல்களைத் தொகுக்க நீங்கள் உட்காரும்போது, முதலில் எதை எடுத்துப் பார்ப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற பட்டியலைத்தான். மேலே இருக்கும் இருபதை எடுத்து, யாரும் கேட்காத டெமோ (சோதனைப் பதிவு) இரண்டைச் சேர்த்தால் தொகுப்பு தயார். வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பஸ்காக்ஸ் குழுவின் ‘சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டரின் அந்தக் குழு 1977 அக்டோபர் தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தில் எட்டு சிங்கிள்களை (முன்பக்கம் முக்கியப் பாட்டு, பின்பக்கம் துணைப் பாட்டு என்று வரும் சிறு தட்டுகள்) வெளியிட்டது. அவற்றைச் சேர்த்து 1979 செப்டம்பரில் ஐ.ஆர்.எஸ். நிறுவனம் அமெரிக்காவில் ஒரே தட்டாகக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அது வந்தது 1981இல், குழு கலைந்த பிறகு. (1989இல் மறுபடி சேர்ந்தது தனிக் கதை.) தொகுத்த விதம் ரொம்ப எளிமையானது. முதல் பக்கத்தில் எட்டு முன்பக்கப் பாடல்கள், வெளியான வரிசையிலேயே. மறுபக்கத்தில் அந்த எட்டின் பின்பக்கப் பாடல்கள், அதே வரிசையில். அவ்வளவுதான்.

இந்தப் பதினாறில் பிரிட்டனில் வந்த அவர்களுடைய ஆல்பங்களில் இருப்பவை நான்கே நான்கு. மற்ற பன்னிரண்டையும் கேட்க சிங்கிள்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. ஆகவே ஏற்கெனவே வாங்கியதையே மறுபடி நம் தலையில் கட்டும் வேலை இல்லை இது.

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போன ‘எவர் ஃபாலன் இன் லவ்’ எந்தப் பட்டியலிலும் தானாகவே வந்துவிடும். அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. மறுபக்கத்தைப் பாருங்கள். ‘ஒய் காண்ட் ஐ டச் இட்?’ ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. ஸ்டீவ் கார்வியின் பேஸ் கிட்டார் சுற்றிச் சுற்றி வர, கிட்டார்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகின்றன, எந்த அவசரமும் இல்லாமல். ‘லவ் யூ மோர்’ பாட்டை இரண்டு நிமிடம்கூட ஓடவிடாமல் சட்டென்று வெட்டி நிறுத்திய அதே ஆட்கள்தான்! அப்புறம் ‘லிப்ஸ்டிக்’. அதன் கிட்டார் மெட்டை குழுவின் பாடகர் பீட் ஷெல்லி பழைய கூட்டாளி ஹோவர்ட் டெவோட்டோவுக்கும் கொடுத்தார். டெவோட்டோவின் மேகசின் குழு அதை வைத்து ‘ஷாட் பை போத் சைட்ஸ்’ செய்தது. ஒரே மெட்டு இரண்டு குழுக்களில் எப்படி வேறு வேறு ஆளானது என்று கேட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கைப் பட்டியலை நம்பினால் முதலில் அடிபடுவது இந்தப் பாடல்கள்தான்.

அந்தத் தட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1977 ஜனவரியில் கடன் வாங்கிய சுமார் 500 பவுண்டில், நியூ ஹார்மோன்ஸ் என்ற சொந்தப் பெயரில் குழு வெளியிட்ட முதல் சிறு தட்டு ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ அதில் இல்லை. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’சில் பாடியவர் டெவோட்டோ. சிங்கிள்களின் தொகுப்பு என்று போட்டால் சரி, மன்னிக்கலாம். முழுப் பயணமும் இதுதான் என்று அட்டையில் அச்சடிப்பதாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு நிறுவனத்தின் உரிமை என்றால் பேசி வாங்குங்கள், அது உங்கள் தொழில்.

2001இல் வந்த குறுந்தகட்டில் அடுத்த நான்கு சிங்கிள்களின் இரு பக்கங்களையும் சேர்த்து இருபத்துநான்கு பாடல்களாக்கினார்கள். அவற்றில் ‘ஆர் எவ்ரிதிங்’ எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. ஆனாலும் அதே தட்டின் வாலில் ஒட்டியது எனக்கு ஒப்பவில்லை. பதினாறாவது பாட்டோடு முடிந்த ஒன்று, முடியவே இல்லை என்பதுபோல மறுபடி ஓடத் தொடங்குகிறது. அந்த எட்டும் தனித் தட்டு கேட்கிற பாடல்கள்.

இன்னொன்று, சத்தம். மார்ட்டின் ரஷண்ட் தயாரித்த அந்தப் பதினாறு பதிவுகளில் ஜான் மாரின் டிரம்ஸ் அடிக்கும் அடிக்கும் நடுவே காற்று வாங்க இடம் இருக்கிறது. மறுபடி மெருகேற்றுகிறோம் என்று எல்லாவற்றையும் ஒரே உச்சத்துக்குத் தூக்கினால் அந்த இடம் போய்விடும். காதும் வலிக்கும்.

ஷெல்லி 2018 டிசம்பரில் மறைந்துவிட்டார். இப்படிப்பட்ட குழுக்களில் எது முன்னே, எது பின்னே என்று கேட்க அந்த ஆட்களே இல்லாத நிலை வரவர அதிகமாகிறது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் வெளியான தேதி, வாசித்தவர்கள், தயாரித்தவர், எதன் பின்பக்கமாக வந்தது என்ற விவரத்தை அட்டையில் போடுங்கள். இணையத்தில் மட்டும் வெளியிட்டாலும் போடுங்கள். பின்பக்கப் பாடல்களுக்கென்று இரண்டாவது தட்டு தேவைப்பட்டால் விலையைக் கூட்டிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய தட்டுகள் வாங்கும் ஒரு ரசிகன்