கையில் தூரிகைதான் இருக்கும்

பாறசாலை,
ஞாயிறு

அன்புள்ள லீலா,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரரின் முட்டுவலிக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். சின்னவளின் மார்க்கைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் சொல்லமாட்டேன்.

இப்போது என் சண்டையைக் கேள். இங்குள்ள ஒரு வாசகசாலைக்கு மங்களாபாய் தம்புராட்டியின் படம் வரைந்து தருகிறேன். "ரவிவர்மாவின் தங்கை" என்று நம் டிராயிங் மாஸ்டர் ஒரே வரியில் கடந்துபோனாரே, அவரேதான். கோட்டுப்படத்தைப் பார்த்ததும் குழுவினர் முகம் சுளித்தார்கள். தூரிகையை எடுத்துவிட்டு வீணையைக் கொடுங்கள், அரண்மனைப் பெண் அல்லவா, லட்சணமாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அண்ணன் வரைந்த பெண்களில் வீணை மீட்டுகிறவள் உண்டு, கூந்தலுக்குப் பூச்சூடுகிறவள் உண்டு, குழந்தையை ஏந்தி நிற்கிறவள் உண்டு. அந்த வரிசையில் இவரையும் உட்காரவைப்பதா? அந்த அண்ணனின் உருவப்படத்தையே தீட்டியவரடி இவர்!

1893இல் ரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் சிகாகோ கண்காட்சிக்குப் போயின. தம்பி ராஜராஜவர்மா அவருடன் ஊர் ஊராகப் போய் வரைந்தார். தங்கைக்கு வாய்த்தது பிறந்த ஊரான கிளிமானூர்தான். அவர்கள் தாயும் துள்ளல் என்ற கேரளக் கூத்துக்குப் பாட்டு இயற்றியவர். ஆனாலும் ஊர் தாண்டிப் பெயர் போனது ஆண்மக்களுக்கு மட்டும். 2023இல் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்று தனிக் கூடம் திறந்தார்களே, அங்கே இவர் கைவண்ணமும் இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உன்னைத்தான் நினைத்தேன் லீலா. நம் வகுப்பில் உன்னைப்போல் முகம் வரைய யாருக்கு வந்தது? கல்யாணத்தோடு பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாய். யாரும் உன்னைத் தடுக்கவில்லை. வரை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

படம் பாதி முடிந்துவிட்டது. தோளில் போட்ட நேரியதின் கசவுக்கு, அந்த ஜரிகைக் கரைக்கு, பொன்வண்ணத்தைத் தொடவே இல்லை. மஞ்சள் காவியையும் பழுப்பையும் மடிப்புக்கு மடிப்பு மாற்றிப் பூசி, வெளிச்சம் விழும் விளிம்பில் மட்டும் கெட்டி வெள்ளையை ஒரு பொட்டு வைத்தேன், ஜரிகை மின்னுகிறது. தூரிகை பிடித்த அவர் விரல்களை வரைவதுதான் படுத்துகிறது. இறுக்கினால் கணக்குப்பிள்ளை பேனா பிடித்ததுபோல் ஆகிறது, தளர்த்தினால் தூரிகை கையில் நிற்பதாகவே தோன்றவில்லை.

உன் நீண்ட விரல்கள் எனக்கு வேண்டும். ஒரு சனிக்கிழமை நாகர்கோவிலில் ரயில் ஏறி வா. ஜன்னலோரம் தூரிகையோடு உட்கார்ந்தால் போதும். குழுவினர் பிடிவாதம் பிடித்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், வீணை வரையமாட்டேன். வரும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வா. எண்ணெயையும் அப்போதே கையோடு கொண்டுபோகலாம்.

உன்,
வசந்தா