ரகுவுக்கு: 62 வயதில் வேண்டாம்

அன்புள்ள ரகு,

இங்கே எல்லோரும் நலம். நீ போனை வைத்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

"62 வயது ஆனதும் சோஷியல் செக்யூரிட்டியை வாங்கிப் போட்டுவிடுவேன்" என்றாய், அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் அந்த ஓய்வுத்தொகையை. தேர்வில் அரை மணி முன்பே விடைத்தாளை நீட்டிவிட்டு எழுந்து போவாயே, அதே அவசரம்! ஆனால் இதில் உன் மனைவி ரேவதியின் வாழ்க்கையும் இருக்கிறது.

போன வாரம் லலிதாவைப் பார்த்தேன். வங்கி அறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தாள். சேகர் இருந்தவரை மாதம் இரண்டு வரவு, இப்போது ஒன்றுதான். தம்பதியில் ஒருவர் போனால் பெரிய தொகை தொடரும், சின்னது நின்றுவிடும். சேகர் 62-லேயே வாங்கத் தொடங்கியதால் அந்தப் பெரியதும் சுருங்கிப்போன தொகை. "வீட்டு வரி பாதியாகவில்லையே" என்றாள். எனக்குப் பேச்சு எழவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு முழுத்தொகை 67-ல். அது உனக்கு மாதம் 3,000 டாலர் என்று வைத்துக்கொள். 62-ல் 2,100, 70-ல் 3,720. விலைவாசிக்காக ஏறுவது தனி. 80 தாண்டினால்தான் காத்திருந்ததற்கு லாபம் என்றாய். கணக்கு சரிதான், ஆனால் அது தனி ஆளுக்கான கணக்கு. நீ 75-ல் போய்ச்சேர்ந்தாலும் (சொல்லக் கூடாத பேச்சு, பொறுத்துக்கொள்) அந்த 3,720 ரேவதிக்கு அவள் ஆயுள் முழுவதும் வரும். 62-ல் வாங்கியிருந்தால் அவளுக்கு 2,475-க்கு மேல் வராது (உன் 2,100-ஐவிடக் கொஞ்சம் கூடுதல்; துணையை இழந்தவருக்கு முழுத்தொகையில் 82.5% வரை தருவார்கள்). மாதம் 1,245 டாலர் வித்தியாசம், ரகு! அவளுடைய அம்மா 90 தாண்டியவர் என்பதை மறக்காதே.

நடுவில் கைச்செலவுக்கு வேண்டுமென்றால் அவள் தன் சொந்தக் கணக்கில் 62-ல் வாங்கட்டும். அந்தத் தொகை குறையும். ஆனால் பின்னாளில் உன்னுடையது அவளுக்கு வருவதை அது பாதிக்காது. அண்ணாச்சி சொன்ன பழைய வழி, நீ விண்ணப்பித்துவிட்டு நிறுத்திவைத்து மனைவியை மட்டும் உன் கணக்கில் வாங்கச் சொல்வது, இனி நடக்காது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அடைத்துவிட்டது.

உடம்பு முடியாமலோ வேறு வருமானம் இல்லாமலோ இருந்தால் 62-ல் வாங்கு என்று நானே சொல்லியிருப்பேன். உனக்கு அப்படி ஒன்றுமில்லை. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை மட்டும் தள்ளிப்போடாதே. வேலைவழிக் காப்பீடு இல்லையென்றால் 65-லேயே சேர்ந்துவிடு.

ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாலும் 12 மாதத்துக்குள் ஒரு முறை விலக்கிக்கொள்ளலாம். வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இதை ரேவதியிடம் காட்டு. காட்டமாட்டாய் என்று தெரியும், அவளுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மணி