காயாத எண்ணெய்–மெழுகுப் பூச்சு: புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் ‘இயற்கை எண்ணெய்–மெழுகு’ டின்னின் தரமும் அதன் லேபிளும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மரக் கடைசல் என் தொழில். ஒரே ஆர்டருக்காகக் கடைந்த கிண்ணங்கள் அனைத்துக்கும் தங்கள் டின்னில் உள்ளதைத்தான் பூசினேன். ஒன்றுகூடக் காயவில்லை. ‘டங் எண்ணெயும் தேன்மெழுகும் மட்டுமே, 24 மணி நேரத்தில் காயும், உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்றது’ என்று லேபிள் சொல்கிறது. டங் எண்ணெய் என்பது டங் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. அதில் சொன்னதற்கும் கூடுதலாகவே காத்திருந்து, காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அனுப்புவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், செய்தித்தாளின் எழுத்துகள் கிண்ணத்தின் விலாவில் இடவலம் மாறி அப்படியே அச்சாகியிருந்தன. காகிதத்தை உரித்தபோது மெழுகும் கூடவே வந்தது.

தொலைபேசியில் கேட்டதற்கு, “கனமாகப் பூசியிருப்பீர்கள்” என்றார் தங்கள் ஊழியர். உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, மெல்லியதாக ஒரு கை பூசி, மிச்சத்தை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தேன். லேபிளில் உள்ள முறையும் அதுதான். அவர் சொன்னதைச் சோதிக்க ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வேறிடத்தில் வாங்கிய சுத்தமான டங் எண்ணெய், மறுபக்கம் தங்கள் டின்னிலிருந்து ஒரு சொட்டு. முதலாவது நாளடைவில் சுருக்கம் விழுந்து தோல் கட்டியது. தங்களுடையது இன்றும் விரலில் ஈரமாக ஒட்டுகிறது.

டங் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ காய்வது ஆவியாகி அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் எத்தனை காலம் வைத்தாலும் அப்படி இறுகாது. டின்னைத் திறந்ததும் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை வேறு அடிக்கிறது. தேன்மெழுகுக்கு அந்த வாடை கிடையாது. உள்ளே இருப்பது என்ன என்று நான் கேட்பது இதனால்தான். சுத்தமான டங் எண்ணெய் பொதுவாக ஒரே நாளில் முழுசாகக் காய்ந்துவிடாது. சீக்கிரம் காய வைக்கும் உலர்த்தி ஏதும் சேர்த்திருந்தால், ‘மட்டுமே’ என்ற சொல் லேபிளில் இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். இது உண்மையிலேயே காயும் எண்ணெய் என்றால், துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறப் போட வேண்டும். லேபிளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டறையில் சுற்றிலும் சீவலும் மரத்தூளும்தான் கிடக்கின்றன. புதிதாகக் கடைசல் பழகும் ஒருவர் இந்த டின்னை வாங்கினால் அவருக்கு யார் சொல்வார்கள்? காயும் எண்ணெய் இல்லையென்றால், லேபிளில் எழுதியதே பொய். இரண்டில் எது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

டின் மேல் ஆவி பறக்கும் கிண்ணத்தின் படத்தையும் எடுத்துவிடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும்.

கிண்ணங்களை டர்பன்டைனால் துடைத்து, மீண்டும் லேத்தில் ஏற்றித் தேய்க்கிறேன். விளிம்பு மெல்லிசாகக் கடைந்தவை அதைத் தாங்காது, அவை வீண்தான். ஆகவே டின்னின் விலையோடு வீணான கிண்ணங்களுக்கும் ஈடு தர வேண்டும். கரைப்பான், உலர்த்தி உட்பட டின்னில் சேர்த்துள்ள பொருட்கள் அனைத்தின் பட்டியலை எழுத்தில் அனுப்புங்கள். துணி பற்றிய எச்சரிக்கை இனி வரும் டின்களில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே விற்ற டின்களை வாங்கியவர்களுக்கும் அதைத் தெரிவியுங்கள்.

டின்னில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. அதையும் கண்ணாடித் துண்டையும் ஒரு கிண்ணத்தையும் சோதனைக்குக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். பில் நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்