புளிப்பைப் பார்த்து வாங்கு

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றுமில்லை. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் நானும் இருக்கிறேன் என்கிறது. பனி முழுக்கக் கரைந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் நட்டேனே, அந்த அஸ்பாரகஸ் பாத்தியில் இந்த வருடம்தான் முதல்முறையாக வெட்டும் அளவுக்குத் தண்டு வந்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் சுண்டுவிரல் பருமனில் நிற்கும். சாயங்காலம் பார்த்தால் ஒரு ஜாண் ஏறியிருக்கும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் மருமகன் வீட்டார் உட்பட பதினாறு பேருக்குப் பகல் விருந்து, அஸ்பாரகஸ், சீஸ் சாலட், சால்மன் மீன், ஆட்டுக்கறி வறுவல் எல்லாம் உண்டு, பாட்டில் 20 டாலரைத் தாண்டக்கூடாது, என்ன ஒயின் வாங்குவது என்று கேட்டிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு பாடம் படித்தேன், அதைச் சொன்னால் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதல் அறுப்பு என்ற சந்தோஷத்தில் தண்டுகளை வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து தட்டில் வைத்தேன். கூடவே, பணி ஓய்வின்போது பரிசாக வந்த விலையுயர்ந்த கலிஃபோர்னியா சிவப்பு ஒயின், கேபர்னே சோவின்யோனையும் திறந்தேன். இத்தனை நாள் ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருந்த பாட்டில். ஒரு வாய் அஸ்பாரகஸ், ஒரு வாய் ஒயின். செப்புக் காசை நாக்கில் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. ஒயினில் குறை இல்லை, காயிலும் குறை இல்லை, ஜாதகம்தான் பொருந்தவில்லை. அஸ்பாரகஸில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. டானினும் ஓக் பீப்பாய் வாசனையும் நிறைந்த சிவப்பு ஒயினோடு அவை சேர்ந்தால் உலோகச் சுவைதான் மிஞ்சும். கார்க்கை அடைத்து வைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் கிடந்த ஆஸ்திரிய ஒயினை எடுத்தேன். ஒரு லிட்டர் பாட்டில், சோடா பாட்டில் மாதிரி தகர மூடி, அந்த கேபர்னேயின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுதான் அன்றைக்குச் சாப்பாட்டைக் காப்பாற்றியது.

டானின் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது நம் துவர்ப்புதான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் பீப்பாய் மரத்திலிருந்தும் வருவது. எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வறட்டும். குளிர்காலத்தில் கொழுப்பு மிதக்கும் கறி சாப்பிடும்போது அது வேண்டியதுதான், கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மட்டுப்படுத்திவிடும். வசந்தகாலச் சாப்பாட்டில் அந்தக் கனம் கிடையாது. பச்சைப் பட்டாணி, கீரை, மீன், வெள்ளாட்டுப்பால் சீஸ் என்று எல்லாம் லேசானவை. அவற்றுக்கு வேண்டியது புளிப்பு. மீன் மேல் எலுமிச்சை பிழிகிறோம் இல்லையா, அந்த வேலையை ஒயின் செய்ய வேண்டும். நல்லவேளையாக, புளிப்பு தூக்கலான ஒயின்களில் நிறைய மலிவாகவே கிடைக்கின்றன. புது ஓக் பீப்பாய் கிடையாது, வருடக்கணக்கில் கிடங்கு வாடகை கிடையாது. அறுவடை முடிந்த அடுத்த வசந்தத்திலேயே பல கடைக்கு வந்துவிடும்.

நான் குடித்த அந்த ஆஸ்திரிய ஒயினின் திராட்சை க்ரூனர் வெல்ட்லினர். அங்கே அதிகம் பயிராகும் ரகம் அதுதான். வெள்ளை மிளகு வாசனை லேசாக அடிக்கும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம் நிஜ மிளகிலும் இருக்கிறது. ஆஸ்திரிய ஒயினுக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1985இல், சிலர் ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்தது வெளியே வந்து, ஏற்றுமதியே படுத்துவிட்டது. அதன் பிறகு கொண்டுவந்த சட்டம் மிகக் கடுமையானது, ஒயின்காரர்களும் இனிப்பைவிட்டு உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத, ஒயின் பக்கம் திரும்பினார்கள். இன்றைக்குத் தரச் சான்றுள்ள பாட்டிலின் மூடியில் சிவப்பு வெள்ளை சிவப்புப் பட்டை இருக்கும். வைன்ஃபியர்ட்டல் என்ற வட்டாரத்தின் பெயரை லேபிளில் பார்த்தால் யோசிக்காமல் எடு. உன் விருந்தில் அஸ்பாரகஸ் இருக்கிறதே, அதற்கு இதுதான்.

அப்புறம் உன் சீஸ் சாலட். வெள்ளாட்டுப்பால் சீஸுக்குப் பிரான்சின் சான்சேர் ஒயின் என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான பேச்சுதான், ஷாவின்யோல் என்ற பேர்போன சீஸின் ஊரே சான்சேர் வட்டாரத்துக்குள் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கே தனியாகக் காசு கேட்பார்கள். இங்கேதான் என்னுடைய பழைய தந்திரம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது. மெனத்தூ சலோன் சான்சேரை ஒட்டியே இருக்கிறது, கேன்சி அதற்கும் கொஞ்சம் தள்ளி. அதே சோவின்யோன் ப்ளாங்க் திராட்சை, பெயர் மட்டும் அவ்வளவு எடுபடாது. அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் லுவார் ஆற்றோடு மேற்கே போய் தூரேன் சோவின்யோன் வாங்கு. கொஞ்சம் முரடு, ஆனால் சாலட்டுக்கு அது போதும்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வந்தால் மஸ்கடே. எனக்கு மிகவும் பிடித்த மலிவு ஒயின் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பெயரைப் பார்த்து இனிப்பான மஸ்கட், மொஸ்காட்டோ வகை என்று நினைத்துவிடாதே, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோன். 1709ஆம் வருடக் கொடும் குளிரில் நான்ட் நகரத்தைச் சுற்றியிருந்த கொடிகள் செத்தபோது, குளிர் தாங்கும் என்று இதைப் பரவலாக நட்டார்கள். தனியாகப் பார்த்தால் பெரிய வாசனை ஒன்றும் இல்லாத திராட்சை. அதனால்தான் நொதித்து முடிந்ததும் ஒயினை வடிக்காமல், அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலோடேயே குளிர்காலம் முழுக்க விட்டுவைக்கிறார்கள். லேபிளில் 'சூர் லீ' என்று போட்டிருந்தால் அர்த்தம் அதுதான். அந்த வண்டல் ஒயினுக்கு ஒரு சதைப்பிடிப்பும், ரொட்டி மாவு மாதிரி மெல்லிய வாசனையும் கொடுக்கும். கூடவே கல் உப்பைத் தொட்ட மாதிரி ஒரு ருசி. சிப்பியோ இறாலோ வைத்தாயானால் இதற்கு மேல் ஒன்று தேடாதே. ஆல்கஹால் 12 சதவீதம் சுற்றித்தான், பகல் விருந்தில் யாரும் சோபாவில் சாய மாட்டார்கள்.

போர்ச்சுகலின் வினோ வெர்தே இன்னும் லேசு, இன்னும் மலிவு. விருந்தினர் கோட்டைக் கழற்றி மாட்டும்போதே கையில் கொடுக்க நல்லது. நாக்கில் குறுகுறுக்கும் அந்த நுரை ஒரு காலத்தில் தானாக வந்தது. இப்போது மலிவு பாட்டில்களில் கரியமில வாயுவைச் செலுத்தித்தான் கொண்டுவருகிறார்கள். தெரிந்தே குடிக்கலாம், தப்பில்லை. ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் பற்றி ஒரே ஒரு வார்த்தை: நிறம் வெளிறியிருப்பதே உயர்வு என்பது வெறும் மோஸ்தர். ஸ்பெயினின் நவார்ரா பக்கத்து ரோஸே நல்ல செம்பருத்தி நிறத்தில், சாப்பாட்டுக்கு ஈடுகொடுக்கும். வருடத்தை மட்டும் பார்த்து வாங்கு. போன வருட அறுவடையாக இருக்கட்டும்.

ஆட்டுக்கறி வறுவலுக்குச் சிவப்பு வேண்டுமே என்பாய். துவர்ப்பு குறைந்த சிவப்பு இருக்கிறது. பிரான்சின் போஜொலே வட்டாரத்துக் காமே திராட்சையை 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், விசுவாசம் கெட்ட ரகம் என்று திட்டிப் பிடுங்கி எறியச் சொன்னார். பர்கண்டி இன்றைக்கு என்ன விலை விற்கிறது, காமே என்ன விலை விற்கிறது என்று பார்த்தால், அந்தத் திட்டு நமக்கு எவ்வளவு நல்லது செய்திருக்கிறது என்று புரியும். நவம்பரில் ஆரவாரமாக வருமே நூவோ என்ற புது ஒயின், அது வேண்டாம். போஜொலே வில்லாஜ் வாங்கு, கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் அதே வட்டாரத்து ப்ருயி. பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜில் வை. சிவப்பு ஒயினைக் குளிர வைப்பதா என்று மருமகன் வீட்டில் யாராவது புருவத்தை உயர்த்தினால், ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல், அவ்வளவுதான். கறியில் புதினாவும் பச்சைப் பட்டாணியும் போடுவதாக இருந்தால் மட்டும் லுவாரின் ஷினோன். அதில் இருக்கும் கேபர்னே ஃப்ரான்க் திராட்சைக்கே ஒரு பச்சிலை வாசனை உண்டு.

அமெரிக்க ஒயினில் இந்த விலைக்குள் நல்லதைத் தேடுவது கொஞ்சம் சிரமம், மறைக்க விரும்பவில்லை. கலிஃபோர்னியாவின் நாபா பக்கமே போகாதே, அங்கே நிலத்தின் விலையும் சேர்ந்துதான் பாட்டிலில் இறங்குகிறது. வடக்கே போ. ஆரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு என்றால் எல்லோரும் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையைத்தான் சொல்வார்கள். 1965இல் அதை அங்கே நட்ட ஒயின்காரர் டேவிட் லெட், வெள்ளை ஒயினுக்கான பினோ க்ரீயையும் கொண்டுவந்தார். அந்த பினோ க்ரீ உன் சால்மனுக்கு அருமையாகச் சேரும், 20 டாலருக்குள்ளும் கிடைக்கும். அதற்கும் மேலே வாஷிங்டன் மாநிலத்தின் கொலம்பியா பள்ளத்தாக்கு ரீஸ்லிங். காஸ்கேட் மலை மழையைத் தடுத்துவிடுவதால் பாலைவனம் மாதிரி வறண்ட பூமி, நதித் தண்ணீரைப் பாய்ச்சித்தான் விளைவிக்கிறார்கள். பகல் சூடும் இரவுக் குளிரும் சேர்ந்து புளிப்பைக் காப்பாற்றிவிடுகின்றன. ரீஸ்லிங் இனிப்பா இல்லையா என்று பயமிருந்தால் பாட்டிலைத் திருப்பிப் பார். பல பாட்டில்களில் உலர்ந்தது முதல் இனிப்பு வரை ஒரு கோடு போட்டு, இது எங்கே நிற்கிறது என்று குறித்திருப்பார்கள். கலிஃபோர்னியாவில் நான் விதிவிலக்குக் கொடுப்பது கிளார்க்ஸ்பர்க் ஷெனின் ப்ளாங்குக்கு மட்டும்தான். ஆற்று முகத்துவாரத்துக் காற்றில் விளைவது, விலையும் கையைக் கடிக்காது.

ஆல்கஹால் அளவையும் பார்த்துக்கொள், ஆனால் அப்படியே நம்பிவிடாதே. 14 சதவீதம் வரைக்கும் உள்ள ஒயினில் ஒன்றரைப் புள்ளி முன்னே பின்னே இருக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 12.5 என்று அச்சடித்திருப்பது 14 ஆகவும் இருக்கலாம். இன்னொன்று, ஐரோப்பிய பாட்டிலின் பின்பக்கம் இறக்குமதியாளர் பெயர் இருக்கும். பிடித்துப்போன பாட்டிலின் இறக்குமதியாளரைக் குறித்து வைத்துக்கொள். அடுத்த தடவை தெரியாத ஒயினை எடுக்கும்போது அந்தப் பெயர் உதவும். எனக்குப் பல வருடமாக அதுதான் துணை.

சாலட்டில் வினிகரைக் கொட்டாதே, எலுமிச்சை போதும். தட்டில் இருக்கும் புளிப்பு கோப்பையில் இருப்பதை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆர்ட்டிசோக் காய் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய், தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள சைனரின் என்ற சேர்மம் அடுத்து வாயில் போவதையெல்லாம் இனிக்க வைக்கும், தண்ணீர்கூட இனிக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்பெயினின் மான்சனிய்யா ஷெர்ரி ஒரு பாட்டில் தனியாக வாங்கு.

கணக்குக்கு வருகிறேன். ஒரு பாட்டிலில் ஐந்து கோப்பை. தலைக்கு அரைப் பாட்டில் என்றால் எட்டு. உன் அண்ணன் வருகிறார் என்றால் பத்தாக வைத்துக்கொள். க்ரூனர் லிட்டர் பாட்டில் இரண்டு, மஸ்கடே மூன்று, ஆரிகன் பினோ க்ரீ இரண்டு, போஜொலே மூன்று. தூரேனை மறந்துவிடு, சாலட்டுக்கும் க்ரூனரே போதும். எழுதும்போதுதான் தோன்றியது. 160, 170 டாலரில் முடிந்துவிடும். மிஞ்சிய காசில் நல்ல சீஸாக வாங்கு.

அந்த கேபர்னே மிச்சம் இன்னும் சமையலறை மேடையில்தான் இருக்கிறது. நாளைக்குக் குளிரும் மழையும் என்கிறார்கள், மாட்டுவால் வாங்கி அதில் வேகவைக்கப் போகிறேன். முதல் அறுப்பு வருடத்தில் அஸ்பாரகஸை மூன்று வாரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, வேர் பலமிழந்துவிடும். ஒரு வாரம் போய்விட்டது. விருந்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து பாத்தியில் இருப்பதை வெட்டிக்கொண்டு போ. சனிக்கிழமை வந்தால் சௌகரியம், ரயில் நேரத்தை மட்டும் எழுது.

அன்புடன்,
ரகு