குமுளியிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று நாளாக இங்கே சாரல். அம்மா நலம்.

ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து போனில், "இங்கே கஞ்சா குற்றமே இல்லைப்பா, கடையில் பில் போட்டே தருகிறான்" என்று சிரித்தாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். நம் செக்போஸ்டில் அதற்காகவே பஸ்ஸை நிறுத்திப் பையைக் கவிழ்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அப்புறம் அந்த ஊர்ச் சட்டத்தை உன் தங்கச்சியைப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி சரிதான். ஆனால் வேலையில் கூடாது என்று சொல்லும் உரிமை முதலாளியை விட்டுப் போகவில்லை. நீ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் லாரி ஓட்டுகிறவனுக்குக் கஞ்சாவும் கூடாது, ஒரு மடக்கு பீரும் கூடாது. நீயோ அமெரிக்காவுக்கு லோடு கொண்டுபோகிறவன். அந்த நாட்டு விதிப்படி சிறுநீரைச் சோதிப்பார்கள். டாக்டர் சீட்டு காட்டினாலும் எடுபடாது. குடித்தது ஒரு நாளில் மூச்சை விட்டுப் போய்விடும். இது அப்படியில்லை. போதை அன்றைக்கே தெளிந்தாலும், தினமும் இழுக்கிறவன் சிறுநீரில் வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்கும். லீவு நாளில் இழுத்தேன் என்றால் யார் கேட்பார்கள்?

குடித்ததைக் கண்டுபிடிக்க ஊதச் சொல்கிற மெஷினும் தப்புச் செய்யும், சரி. 2025 ஜூலையில் பந்தளத்தில் பலாப்பழம் தின்ற பஸ் டிரைவர்கள் ஊதியபோது குடித்ததாகக் காட்டியது. குடிக்காத ஒருவரைப் பழம் தின்னவைத்து ஊதச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

மெஷின் இல்லாமலே நான் மாட்டியிருக்கிறேன். நாம் கம்பத்தில் குடியிருந்தபோது, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் கொண்டுபோன காலம். முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் குடித்திருந்தேன். விடிகாலையில் நாலு ஏலக்காயை மென்றுகொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்தேன். முன்சீட்டில் இருந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் இருந்த பதினொரு பேரும் இறங்கி, இருட்டில் அடுத்த ஜீப்புக்கு நின்றார்கள். மூன்று மாதம் என் வண்டியில் யாரும் ஏறவில்லை. அம்மாவுக்கு வேறு காரணம் சொல்லிவைத்தேன்.

கஞ்சாவை விட முடியவில்லை என்றால் மாட்டுவதற்கு முன்பே கம்பெனியில் சொல்லிவிடு. போதைக்கு அடிமையானதைக் கனடாவில் ஊனமாகக் கருதி உதவ வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சொல்லாமல் இருந்து, சுரங்கத்தில் விபத்தான பிறகு கொக்கெய்ன் பழக்கத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் வேலை நீக்கம் செல்லும் என்று 2017இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சேரும்போது நீ கையெழுத்துப் போட்ட விதித்தாள்களைப் போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பு. எழுத்து தெரிகிற மாதிரி எடு.

அப்பா