விலகினால் ‘ஓட்டம்’தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்ட ஒரு டென்னிஸ் வீராங்கனையைப் பற்றிய செய்திக்கு ‘பாதியில் ஓட்டம்’ என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். பிசியோ வந்து காலில் கட்டுப் போட்டதெல்லாம் செய்திக்குள்ளே இருக்கிறது. ஆனால் தலைப்போடு பக்கத்தைத் திருப்புகிறவர்கள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது இந்தியன் வெல்ஸ். கலிஃபோர்னியாவில் பாலைவனத்து ஓரமாக, வசதியான வெள்ளையர்கள் ஓய்வெடுக்க வரும் ஊர். 2001 மார்ச்சில் அங்கே நடந்த டென்னிஸ் போட்டியின் அரையிறுதியில், அமெரிக்கக் கறுப்பினச் சகோதரிகளான வீனஸ் வில்லியம்ஸும் தங்கை செரீனாவும் மோத வேண்டும். கூட்டம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, வீனஸுக்கு முழங்காலில் தசைநாண் வீக்கம், ஆடவில்லை என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவருக்குக் கோபம் வராதா? வரத்தான் செய்யும். வீனஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அறிவிப்புதான் தாமதமாக வந்தது என்று செரீனா பிற்பாடு எழுதினார், அது அன்றைக்குக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்காது. சரி, அந்த ஒரு நாள் கோபத்தை விட்டுவிடுவோம்.

இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தை எப்படி விடுவது? செரீனாவுக்கு அப்போது வயது 19. இதே ஊரில் 1999-ல் ஸ்டெஃபி கிராஃபைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கினவர், அமெரிக்கப் பெண், எதிரே ஆடியவர் பெல்ஜியத்திலிருந்து வந்த கிம் கிளைஸ்டர்ஸ். சொந்த நாட்டுக் கூட்டம் செரீனா உள்ளே வந்ததுமே ஊளையிட ஆரம்பித்தது. வீனஸும் அப்பா ரிச்சர்டும் படியிறங்கித் தங்கள் இருக்கைக்கு வரும்போது சத்தம் இன்னும் கூடியது, ரிச்சர்ட் திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார். செரீனா டபுள் ஃபால்ட் செய்தால், அதாவது இரண்டு சர்வீஸையும் தவறவிட்டுப் புள்ளியை இழந்தால், கைதட்டல். ஆடாமல் போனது அக்கா, வாங்கிக் கட்டிக்கொண்டது தங்கை! முதல் செட்டை இழந்தும் 4-6, 6-4, 6-2 என்று ஜெயித்தார், கோப்பையை வாங்கும்போதும் ஊளை நிற்கவில்லை. கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல்லைத் தன்னைப் பார்த்துச் சொன்னார்கள், ‘இது 1975-ஆம் வருஷமாக இருந்தால் உயிரோடு தோலை உரித்திருப்போம்’ என்று ஒருவன் கத்தினான் என்று ரிச்சர்ட் பிறகு பத்திரிகையிடம் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் காதில் விழவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. யாரைப் பார்த்துச் சொன்னார்களோ அவர் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பாதான் எந்த மகள் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார் என்ற பேச்சு அப்போது உலவியது உண்மை. காலிறுதியில் வீனஸிடம் தோற்ற எலீனா டெமென்டியேவாவே அந்த மாதிரி ஒன்றைச் சொன்னார், பிறகு அது விளையாட்டுக்குச் சொன்னது என்றார். சந்தேகம் இருந்தால் போட்டி நடத்துகிறவர்களைக் கேட்கலாம், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாம். தோலை உரிப்பேன் என்பது எந்தச் சந்தேகத்தில் வருகிறது? அந்த நிறவெறி முன்பே மனசுக்குள் இருந்தது, அது வெளியே வர வீனஸின் முழங்கால் ஒரு சாக்கு.

செரீனா 14 வருடம் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. ஜெயித்த அன்று உடை மாற்றும் அறையில் மணிக்கணக்கில் அழுததை, திரும்பிப் போக முடிவெடுத்த 2015-ல் எழுதினார். போனார், எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் அழுதார். அப்புறம் என்ன ஆனது தெரியுமா? அதே அரையிறுதிக் கட்டத்தில் ருமேனியாவின் சிமோனா ஹாலெப்போடு ஆட வேண்டிய நேரத்தில் அவருக்கும் முழங்கால், அவரும் விலகினார். இந்த முறை 2001 திரும்ப நடக்கவில்லை. வீனஸ் 2016 வரை வரவில்லை. 2022-ல் அதே அரங்கில் ஒரு குரல் ஜப்பான் வீராங்கனை நவோமி ஒசாகாவைத் திட்டியதும் அவர் அழுதுவிட்டார். வீனஸையும் செரீனாவையும் இங்கே திட்டிய வீடியோவைப் பார்த்திருக்கிறேன், அது மண்டைக்குள் ஓடுகிறது என்று மைக்கில் சொன்னார். இருபது வருடத்துக்கு முந்தின ஊளை!

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் என்ன நடந்தது என்பதை உங்கள் பத்திரிகையிலேயே படித்தேன். இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டியவர் அந்தரத்தில் திசை புரியாமல் ஒன்றரைச் சுற்றோடு தரையிறங்கினார். கழுத்து போயிருக்கும். அவர் விலகியதை டெக்சாஸ் மாநிலத்தின் அரசு வழக்கறிஞர் ஒருவர் ‘தேசத்துக்கே அவமானம்’ என்று எழுதினார், 1996 ஒலிம்பிக்கில் அடிபட்ட காலோடு தாவிய இன்னொரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக்கை எதிரே நிறுத்தி! பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அமெரிக்காக்காரர்களை மட்டும் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2020-ல் துபாயிலிருந்து சுரேஷ் ரெய்னா ஐபிஎல் ஆடாமல் திரும்பியபோது, ‘சின்ன தல’ என்று கொண்டாடிய நம் ஆட்களே ஓட்டல் அறையில் பால்கனி சரியில்லையாம் என்று கிண்டலடித்தார்கள். பதான்கோட் பக்கத்தில் அவருடைய மாமா கொல்லப்பட்டிருந்தார், அத்தை குடும்பமே படுகாயத்தோடு கிடந்தது. இதில் நிறவெறி இல்லை. ஆனால் விலகினவரிடம் முதலில் காரணம் கேட்காமல் கேலி செய்கிற புத்தி ஒன்றுதான்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். விலகல் செய்தி என்றால் காரணத்தைத் தலைப்பிலேயே போடுங்கள், ‘முழங்கால் காயத்தால் விலகல்’ என்பது அப்படியொன்றும் இடத்தை அடைக்காது. அரங்கத்தில் தோலின் நிறத்தைச் சொல்லித் திட்டியிருந்தால் ‘ரசிகர்கள் அதிருப்தி’ என்று மழுப்பாமல் நிறவெறி என்றே எழுதுங்கள். அந்த வீராங்கனைக்கு ஸ்கேன் எடுக்கப்போவதாகச் செய்தியின் கடைசி வரியில் இருந்தது. முடிவு வந்ததும் அதையும் வெளியிடுங்கள், ‘ஓட்டம்’ போட்ட அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
திண்டுக்கல்