ஆச்சிக்கு ஒரு டப்பா பனி

உதகை,
மார்கழி 20, ஞாயிறு.

அன்புள்ள கோமு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அண்ணாச்சியும் ரெட்டை வாலுகளும் நலம் என்று உன் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். புது ஸ்கூட்டர் அழகு. சிவப்பைத் தவிர வேறு நிறத்தை நீ கையால் தொடமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

ஐப்பசிக்குப் பிறகு உன்னிடம் பேசவே இல்லை. நீ நாலு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபப்படு, நியாயம்தான். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் டப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். மீனு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "டப்பாவ எழுதியாச்சா, டப்பாவ எழுதியாச்சா" என்று தோளை உலுக்குகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் எங்கள் வீட்டு வாசலுக்கே உறைபனி வந்துவிட்டது கோமு! இங்கே முதலில் நீர்ப்பனி விழும். புல் நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் உறைபனி. அதுவும் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று பள்ளமான இடங்களில்தான் வெள்ளையாகக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிக்கொள்ளும். நாங்கள் இருப்பது மேடு. அதனால் மூன்று வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஜன்னலில் மூக்கை வைத்துத்தான் பிள்ளைகள் பனியைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ஆறேகாலுக்குக் கதவைத் திறக்கிறேன், முற்றம் முழுக்க வெள்ளை. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி ஓரமாக உப்புப் பூத்து நிற்குமே, ஸ்கூலில் கூட்டிப் போனார்களே, அதே மாதிரி ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாகப் பூத்திருந்தது. குனிந்து பார்த்தால் ஊசிக்கு மேல் இன்னொரு சின்ன ஊசி. வேலிக் கம்பியில் இருந்த சிலந்தி வலை தடித்து, வெள்ளை நூலில் பின்னிப் போட்டது போலத் தொங்கியது. முந்தின நாள் கொடியில் மறந்துபோய் விட்டிருந்த முத்துவின் நிக்கர் அட்டை மாதிரி விறைத்து நின்றது. இவன் என்ன செய்தான் தெரியுமா? மங்கி குல்லாவோடு ஓடிப்போய் அந்த நிக்கரைக் கதவு தட்டுவது போலத் தட்டி, "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டான். பதில் வரவில்லை என்று இன்னொரு தடவை தட்டினான்.

மீனு சத்தமே போடவில்லை. ஒரு புல்லைப் பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்லம்மா" என்றாள். அப்புறம் நேராக அடுப்படிக்குப் போனாள். எவர்சில்வர் டப்பா ஒன்றையும் டீ ஸ்பூனையும் எடுத்துவந்து, புல் புல்லாகச் சுரண்டி நிரப்ப ஆரம்பித்தாள். விரலெல்லாம் சிவந்துவிட்டது. கையுறை போட்டால் ஸ்பூன் நழுவுகிறதாம். அரை டப்பா சேர்ந்ததும் மூடி, ஃப்ரீசரில் வைத்து, மேலே "ஆச்சிக்கு. யாரும் தொடக்கூடாது" என்று எழுதி ஒட்டினாள். ஸ்கூலில் இருந்து வந்தவுடன் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே கட்டி. ஊசி ஒன்றுகூட இல்லை. சுரண்டும்போதே டப்பாவின் சூட்டில் பாதி உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. தேம்பித் தேம்பி அழுதாள். "இது பனி இல்ல, ஐஸு. ஆச்சி ஐஸு பாத்திருக்கா." இந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை கோமு.

அன்று ராத்திரி இவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுப்பது போலவே, சுவரில் நிழல் காட்டி. பகலில் வாங்கிய சூட்டைப் புல் ராத்திரியில் வானத்துக்குக் கொடுத்துவிடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி கொஞ்சம் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் எல்லாம் போய்விடும், புல் உறைந்துவிடும். "ரேடியோவில 2 டிகிரின்னாங்களே, 0 ஆனாத்தானே உறையும்?" என்று மடக்கினாள். அது ஆள் உயரத்தில் காற்றின் சூடு, தரையோடு தரையாகக் கிடக்கும் புல் அதைவிடக் குளிர்ந்திருக்கும் என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதான் சைப்ரஸ் மரத்துக்கு அடியில புல்லு பச்சையா இருந்துச்சு, மரம் போத்திவிட்டிருக்கு" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். நாங்கள் யாருமே அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று கறுப்புத் தட்டுகளை வைத்தாள்: திறந்த வெளியில் ஒன்று, மரத்தடியில் ஒன்று, வாசல் கூரைக்குக் கீழே ஒன்று. காலையில் வெளியில் இருந்த தட்டு மட்டும் வெள்ளை. ஏழு வயது கோமு! நம் ஜாமெட்ரி டீச்சர் கையில் இவள் கிடைத்திருந்தால் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார்.

அப்போதிருந்து வீட்டில் போர்த்தும் வேலைதான். தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது நாற்றுகளை மிலார் செடி கொண்டு மூடி வைத்திருந்ததைப் பார்த்தார்கள். வந்ததும் என் ரோஜாத் தொட்டிகளுக்கு மீனு பழைய சாக்கைப் போர்த்தினாள். முத்து அவள் செய்வதை எல்லாம் செய்வான் அல்லவா, அவன் பிடித்துக்கொண்டது என் இட்லி மாவை.

இந்த ஊரில் மாவு புளிக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. பாளையங்கோட்டையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது பொங்கி வழிந்து, மேடையைத் துடைப்பதே வேலையாக இருக்கும். இங்கே மார்கழியில் ஒன்றரை நாள் ஆனாலும் கல்லு மாதிரி அப்படியே இருக்கும். வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்து, கம்பளி சுற்றி, கோழி அடை காப்பது போலக் காக்க வேண்டும். போன வாரம் மாவுப் பாத்திரத்தை எடுக்கப் போனால் அதன் தலையில் முத்துவின் மங்கி குல்லா! கழுத்தில் மப்ளர் வேறு. "பாப்பா தூங்குது, சத்தம் போடாத" என்கிறான். அரை மணிக்கு ஒரு தடவை வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாப்பா இன்னும் முழிக்கல" என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போகிறான். குல்லா இல்லாமல் வெளியே விளையாடப் போகாதே என்றால், "பாப்பாக்குக் குளிரும்ல" என்று கேட்கிறான். அவனுக்கு இன்னொரு குல்லா வாங்கிவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் உறைவதும், மீனு அந்தப் பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வதும், குளிக்கக் கூப்பிட்டால் ரெண்டும் கட்டிலுக்கு அடியில் போவதும் தினப்படி. அதை எல்லாம் நேரில் சொல்கிறேன்.

சரி, இப்போது பேசாமல் இருந்ததற்குக் காரணம். இதை மட்டும் உட்கார்ந்து படி.

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு ராத்திரி. ஒன்றரை மணி இருக்கும், நாய்க்குட்டி குரைப்பது போலச் சத்தம். எதிர்வீட்டு நாய் உள்ளே வந்துவிட்டதோ என்று எழுந்தால், முத்து இருமுகிறான். மூச்சை உள்ளே இழுக்கும்போது "ஈ…" என்று ஒரு சத்தம், நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. அழக்கூட அவனுக்கு மூச்சு இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை கோமு. அப்போது எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான்: அம்மா சொன்னது பலித்துவிட்டது, பிள்ளையை இந்தக் குளிரில் கொண்டுவந்து நானே கெடுத்துவிட்டேன். எதிர்வீட்டுப் பாட்டியின் மகன் ஜீப்பை எடுத்தார். படுக மொழியில் பாட்டியை ஹெத்தை என்பார்கள், எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன. ஹெத்தை தன் சால்வையைக் கழற்றி அவனைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, மீனுவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜீப்பின் பின்பக்கம் திறந்தது. பனிக்காற்று முகத்தில் அறைகிறது, நான் அவன் மூக்கையும் வாயையும் மூட மூட அவன் தலையைத் திருப்பித் திருப்பி வெளியே நீட்டுகிறான். கால் மணி நேரத்தில் அந்த "ஈ" சத்தம் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "அம்மா, நிலா நம்ம கூடயே வருது" என்கிறான்.

டாக்டரம்மா சின்ன வயது. மூச்சுக்குழாயின் மேல்பக்கம் வைரஸால் வீங்கியிருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு வரும், எந்த ஊரிலும் வரும் என்றார். ஒரு வேளை மருந்து கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டார். நான் குளிரைச் சொல்லி அழுதபோது அவர் சொன்னதை வரி மாறாமல் எழுதுகிறேன்: "குளிர்காத்துதாம்மா வழியில அவனுக்கு வீக்கத்தைக் குறைச்சிருக்கு. அதை ஏன் திட்டுறீங்க?" அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் என் கை நடுக்கம் நின்றது. இரண்டு நாளில் நல்லாகிவிட்டான், இப்போது இருமல் கிடையாது. பயப்படாதே.

உன்னிடம் பேசினால் அழுதிருப்பேன். நான் அழுதால் அடுத்த பத்தாவது நிமிடம் நீ அந்தச் சிவப்பு வண்டியில் அம்மா வீட்டுத் திண்ணையில் இருப்பாய். அதனால்தான் எடுக்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் ஒரே பேச்சு: "பச்சப் புள்ளைகளக் கொண்டுபோயி ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருக்கிய. ஏட்டி, எங்கிட்ட அனுப்பிரு." மே மாதம் அங்கே வந்தால் இதுகளுக்கு வேர்க்குரு வந்துவிடுகிறது, அதையும் மலைதான் கெடுத்தது என்கிறாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட மேலே வரவில்லை. வரவே மாட்டேன் என்கிறாள். நான் கூப்பிட்டால் முட்டுவலி, இவர் கூப்பிட்டால் மரியாதைக்கு ஒரு சிரிப்பு.

நீ கூப்பிட்டால் வருவாள். பொங்கல் லீவில் நீ பிள்ளைகளோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. இதைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாசி பாதி ஆகிவிட்டால் பனி போய்விடும், அப்புறம் அடுத்த வருடம்தான். பனியை டப்பாவில் அனுப்ப முடியாது என்று மீனு முடிவு செய்துவிட்டாள். ஆச்சியைத்தான் பனியிடம் கொண்டுவர வேண்டுமாம். கூடவே ஒரு படம் வைத்திருக்கிறாள், அம்மாவிடம் கொடு. அதில் சால்வை போர்த்தியிருப்பது ஆச்சி. பக்கத்தில் குல்லா போட்டிருப்பது முத்து இல்லை, மாவுப் பாத்திரம்.

நாகர்கோவில் – கோயம்புத்தூர் ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் கோவை. அம்மாவுக்குக் கீழ் பர்த் வாங்கிவிடு. மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையத்தில் ஊட்டி பஸ் நிற்கும். முன் சீட்டில் உட்கார வை, குன்னூர் வளைவுகளில் பின்னால் இருந்தால் தலைசுற்றும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் கொடு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதே, மலை மாவட்டத்தில் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அம்மாவின் எவர்சில்வர் கூஜாதான் இதற்குச் சரி. மலை ரயில் காலை 7.10-க்கே மேட்டுப்பாளையத்தில் கிளம்பிவிடும், வரும்போது பிடிக்க முடியாது. போகும்போது இங்கே மத்தியானம் 2 மணிக்கு ஏறலாம். 16 குகை கோமு, ஒவ்வொரு குகையிலும் பிள்ளைகள் கத்துகிற கத்து! உன் ரெட்டையர் இரண்டு பேரும் சேர்ந்தால் மலையே இறங்கிவிடும்.

முத்து விஷயத்தை அம்மாவிடம் நீ சொல்லாதே. அவள் இங்கே வந்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு ஹெத்தையோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது நானே சொல்கிறேன். இரண்டு பாட்டிகளும் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேசிக்கொள்வார்கள், அது நிச்சயம்.

அல்வா ஒரு கிலோ போதும். கருவாடு மறந்துவிடாதே. அண்ணாச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது முத்து ஓடிவந்தான். மூடி தூக்கிவிட்டதாம். "பாப்பா முழிச்சிருச்சு!" நாளைக்கு இட்லி.